வீட்டில் வக்கீல் இல்லாத சட்ட மாணவர்கள் சீனியரும் படிப்புக் குழுவும் தேடிக்கொள்வது எப்படி?

குடும்பத்தில் ஒரு வக்கீல் இருந்தால் பாதி விஷயம் காதில் விழுந்தே தெரிந்துவிடும். முதல் தலைமுறை மாணவருக்கு அதைச் சொல்ல ஆள் வேண்டும். முதல் செமஸ்டரின் இரண்டாம் வாரமே தேடத் தொடங்குங்கள்.

படி 1: குழு

நாலு முதல் ஆறு பேர் போதும். எட்டைத் தாண்டினால் இரண்டு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். தமிழ் வழியில் படித்தவரும் ஆங்கில வழியில் படித்தவரும் கலந்திருக்கட்டும். கட்சிக்காரர் பேசுவது பிராது, வாய்தா, ஜாமீன். உயர் நீதிமன்றத் தீர்ப்பு இருப்பதோ ஆங்கிலத்தில். இரண்டும் கைவர வேண்டும்.

படி 2: சீனியர்

ஓரிரு வருடம் மூத்தவரே சரி. உங்கள் தடுமாற்றம் அவருக்கு இன்னும் மறந்திருக்காது. "அண்ணா, கைடு பண்ணுங்க" என்றால், "சரிப்பா, டவுட் வந்தா கேளு" என்பதோடு முடிந்துவிடும். இப்படிக் கேளுங்கள்: "அக்கா, ஒப்பந்தச் சட்டத்துல ஒரு பதில் எழுதியிருக்கேன், ரெண்டு பக்கம்தான். எங்க மார்க் போகும்னு மட்டும் சொல்றீங்களா?" பத்து நிமிட வேலை என்று தெரிந்தால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

சீனியர் தரும் பழைய நோட்ஸில் கவனம் தேவை. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கொலைக்கான 302 இப்போது 103. மோசடிக்கான 420 இப்போது 318. ஆனால் அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்தும். அதனால் நோட்ஸைத் தூக்கிப் போடாமல், ஓரத்தில் புதிய எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்.

படி 3: வாரம் ஒரு தீர்ப்பு, ஒன்றரை மணி நேரம்

இதுதான் குழுவின் உயிர். செண்பகம் துரைராஜன் வழக்கை (1951) எடுங்கள், அளவில் சிறியது. ஒருவர் சங்கதிகளைச் சொல்லட்டும்: கல்லூரி இடங்களைச் சமூக வாரியாகப் பங்கிட்ட சென்னை அரசின் வகுப்புவாரி அரசாணை. அடுத்தவர் எழுவினாவை, அதாவது நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டிய கேள்வியை. மூன்றாமவர் தீர்ப்பின் அடிப்படைக் காரணத்தை: உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள், மதம், சாதி போன்றவற்றை மட்டும் காரணம் காட்டிக் கல்லூரிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்னும் அரசியலமைப்பின் 29(2)-ஐக் காட்டி அரசாணையைச் செல்லாது என்றார்கள். நான்காமவர் பின்விளைவை: அதே ஆண்டு அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்து, பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய இடம் தரும் 15(4) சேர்ந்தது. மிச்சமிருப்பவர் எதிர்க்கேள்வி மட்டும் கேட்க வேண்டும்.

அந்த மனுதாரர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை. இது தீர்ப்பிலேயே இருக்கிறது. கைடு மட்டும் படித்தவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை. எல்லோரும் மூலத் தீர்ப்பைப் படித்தார்களா என்பதை இப்படிப்பட்ட ஒரு கேள்வி காட்டிக்கொடுத்துவிடும். படிக்காமல் வந்தவரைத் திட்டாதீர்கள். அடுத்த வாரம் சங்கதிகளை அவரிடம் கொடுங்கள்.

படி 4: விடைத்தாளை மாற்றித் திருத்துதல்

மாதம் இருமுறை போதும். மூன்றே கேள்விகள்: சட்டப் பிரிவு சரியா? வழக்கு இருக்கிறதா? கொடுத்த சங்கதிக்குச் சட்டத்தைப் பொருத்திக் காட்டியிருக்கிறாரா? மூன்றாவதில்தான் பெரும்பாலும் மார்க் போகும். "நல்லா இருக்கு" என்று மட்டும் எழுதுவது உதவியே இல்லை.

படி 5: இன்டர்ன்ஷிப் குறிப்பேடு

பார் கவுன்சில் விதிப்படி மூன்றாண்டுப் படிப்புக்குக் குறைந்தது 12 வாரம், ஐந்தாண்டுக்கு 20 வாரம். ஓர் ஆண்டில் தொடர்ந்து நான்கு வாரத்துக்கு மேல் கூடாது. கடைசி வருடத்தில் மொத்தமாக முடிக்கலாம் என்று நினைப்பவர் மாட்டிக்கொள்வது இதில்தான். போய் வந்தவர் எழுதி வைக்க வேண்டியவை: என்ன வேலை கொடுத்தார்கள், கேஸ் கட்டைப் படிக்க விட்டார்களா, மாணவிகள் மாலையில் தனியாக இருக்க நேர்ந்ததா. கடைசிக் கேள்வியை ஒருபோதும் விடாதீர்கள்.

படி 6: ஒருவர் வராமல் போனால்

ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும் என்பதால் இரண்டு வாரம் காணாமல் போவதே ஆபத்துதான். வாட்ஸ்அப் குரூப்பில் எல்லோர் முன்னிலும் கேட்காதீர்கள். ஒருவர் மட்டும் போன் செய்யுங்கள், முடிந்தால் அறைக்கே போங்கள். ஃபீஸா, அரியரா, வீட்டுப் பிரச்சினையா என்று தெரிந்தால்தான் அடுத்து என்ன செய்வது என்று தெரியும். மனசு உடைந்து பேசினால் அறிவுரை வேண்டாம். டெலி மானஸ் என்னும் மனநல உதவி சேவையின் இலவச எண் 14416-ஐப் பக்கத்தில் உட்கார்ந்தே அழைத்துக் கொடுங்கள்.