கான்ஸ்டன்டைன் பெயரை எழுதும் முன்: திருச்சபையும் அரசும் பற்றிய கட்டுரைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாலை வகுப்பில் திருச்சபை வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் உபதேசியார்கள் உண்டு, ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் உண்டு, எந்தச் சபையையும் சேராமல் வெறும் ஆர்வத்தில் வந்து உட்காருகிறவர்களும் உண்டு. ஆண்டுதோறும் விசுவாசம், தத்துவம், அரசு அதிகாரம் என்ற தலைப்பில் ஒரு கட்டுரை வாங்குவேன். ஆட்கள் மாறுகிறார்கள், தவறுகள் மாறுவதில்லை. படிக்கிற காலத்தில் நான் எழுதியவைதான், கிட்டத்தட்ட அதே வாக்கியங்களில் வந்து நிற்கின்றன.

ஆண்டை மாற்றி எழுதுவது, எந்த கிரகோரி என்று குழம்புவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். கலைக்களஞ்சியத்தைத் திறந்தால் அவை சரியாகிவிடும். இங்கே சொல்லப்போவது, பார்த்து எழுதியும் தவறாகப் போகிறவற்றை.

313-ஐயும் 380-ஐயும் ஒன்றாக்குவது

கட்டுரைக்குக் கட்டுரை வரும் வாக்கியம் இது: "கி.பி. 313-இல் மிலான் ஆணை மூலம் கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவத்தை ரோமப் பேரரசின் அரச மதமாக்கினார். அன்று முதல் திருச்சபை அதிகாரத்தின் கைப்பாவையானது." இதில் ஆண்டும் ஊரும் மட்டும்தான் சரி.

மிலானில் கூடிப் பேசியவர்கள் இரண்டு பேர். ஒருவர் மேற்கை ஆண்ட கான்ஸ்டன்டைன், இன்னொருவர் அவரோடு ஆட்சியைப் பகிர்ந்துகொண்ட லிசினியஸ். லிசினியஸ் கிறிஸ்தவர் அல்ல. ஆனாலும் அந்த உடன்பாட்டின் வாசகம் என்று நாம் படிப்பது, கிழக்கே நிக்கொமேதியாவில் அவர் வெளியிட்ட கடிதத்தைத்தான். கிறிஸ்தவர்களும் மற்ற எல்லாரும் அவரவர் விரும்பிய சமயத்தைப் பின்பற்றலாம் என்கிறது அந்தக் கடிதம். அப்புறம் பெரும்பகுதி சொத்து விவகாரம். துன்புறுத்தலின்போது பறித்த கூடுமிடங்களைப் பணம் வாங்காமல் திருப்பிக் கொடுக்க வேண்டும். இடையில் அவற்றை விலைக்கு வாங்கியவர்கள் நஷ்டஈடு வேண்டுமென்றால் அரசு அதிகாரியிடம் மனுச் செய்துகொள்ளலாம். ஒரு வருவாய்த் துறைச் சுற்றறிக்கையின் வாடைதான் அதில் அடிக்கிறது. அரச மதம் என்ற பேச்சே இல்லை.

அந்தப் பேச்சு வருவது 380-இல், பேரரசர் தியோடோசியஸ் தெசலோனிக்காவிலிருந்து வெளியிட்ட ஆணையில். அதிலும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. எது சரியான விசுவாசம் என்பதற்கு அளவுகோலாக ரோமின் தமசுஸ், அலெக்சாந்திரியாவின் பேதுரு என்று இரண்டு ஆயர்களின் பெயரை அந்த ஆணை சொல்கிறது. அது முதலில் குறிவைத்தது பழைய தெய்வங்களின் கோயில்களை அல்ல, வேறு கொள்கை கொண்ட கிறிஸ்தவர்களை. பழைய பலிகள் மீதான முழுத் தடை 391, 392-இல்தான் வருகிறது.

இடையில் 67 ஆண்டுகள். அதை விட்டுவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று ஒரு மாணவர் கேட்டார். எடுத்துக்கொண்ட தலைப்பே முழுகிவிடும்.

325-இல் நிசேயாவில் ஆயர்களின் சங்கத்தைக் கூட்டியவர் கான்ஸ்டன்டைன்தான். கிறிஸ்து படைக்கப்பட்டவர் என்ற ஆரியஸின் போதனையை மறுத்து, அவர் பிதாவோடு ஒரே தன்மையுள்ளவர் என்று அந்தச் சங்கம் முடிவு செய்தது. அந்த முடிவில் கையெழுத்துப் போடாதவர்களை நாடுகடத்தியதும் கான்ஸ்டன்டைன்தான். அழுத்தமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் பத்தே ஆண்டுகளில், நிசேயாவின் முடிவுக்காக நின்ற ஆயர் அத்தநாசியஸை அதே பேரரசர் அலெக்சாந்திரியாவிலிருந்து வடமேற்கே திரியர் நகருக்கு நாடுகடத்தினார். 337-இல் மரணப் படுக்கையில் கான்ஸ்டன்டைனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் நிக்கொமேதியாவின் யூசேபியஸ், ஆரியஸின் பக்கம் நின்ற ஆயர். பின்னால் வந்த மகன் கான்ஸ்டான்டியஸ், நிசேயா விசுவாசப் பிரமாணத்தை ஓரங்கட்டவே முயன்றார். அத்தநாசியஸ் மொத்தம் 5 முறை நாடுகடத்தப்பட்டார். அனுப்பிய 4 பேரரசர்களில் 3 பேர் கிறிஸ்தவர்கள். அரசு உருவாக்கிய கொள்கைதான் நிசேயா என்றால், அதைப் பிடித்துக்கொண்டிருந்தவரை அரசே ஏன் துரத்தியது? 313-இல் கதையை முடித்துவிட்ட கட்டுரைக்கு இந்தக் கேள்வி எழவே வழியில்லை.

அரசுக்குத் திருச்சபையில் என்ன வேலை என்ற வாதம் பிறந்ததும் இந்த 67 ஆண்டுகளுக்குள்தான். கொர்தோபா ஆயர் ஹோசியுஸ் கான்ஸ்டன்டைனுக்கே ஆலோசகராக இருந்தவர். தள்ளாத வயதில் அவர் கான்ஸ்டான்டியஸுக்குக் கடிதம் எழுதினார்: கடவுள் உம் கையில் ஆட்சியைத் தந்தார், எங்களிடம் சபையின் காரியங்களை ஒப்படைத்தார், இதில் நுழையாதீர். பிறகு 357-இல் சிர்மியத்தில் அந்தக் கிழவரையே நெருக்கி, நிசேயாவுக்கு எதிரான அறிக்கை ஒன்றில் கையெழுத்து வாங்கினார்கள். அதே காலத்தில் வட ஆப்பிரிக்காவில், பேரரசின் தூதர்களைப் பார்த்து "பேரரசருக்கும் திருச்சபைக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார், அங்கே பிரிந்துபோன சபையின் தலைவர் தொனாத்துஸ். அவருடைய கட்சிதான் 313-இல் முதன்முதலாகக் கான்ஸ்டன்டைனிடம் வழக்கைக் கொண்டுபோனது. தீர்ப்பு எதிராக வந்த பிறகு எழுந்த கேள்வி அது. ஆனாலும் நல்ல கேள்வி.

இந்தத் தவறு எனக்கு இன்னும் எரிச்சலூட்டுவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. பக்தியோடு பேசுகிறவர், "கான்ஸ்டன்டைன் காலத்தில் விசுவாசம் வென்றது" என்கிறார். கிண்டலாகப் பேசுகிறவர், "கான்ஸ்டன்டைன்தான் கிறிஸ்தவத்தை உருவாக்கினார்" என்கிறார். இரண்டும் ஒரே தவறு, குரல் மட்டும்தான் வேறு. ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே இருவரும் அதைக் காப்பாற்றிவருகிறார்கள்.

என் வகுப்பில் படித்த தம்பி ஒருவர் வாலிபர் கூட்டம் ஒன்றில் பேசினார். நன்றாகத் தயாரித்திருந்தார். நடுவில் ஒரு வரி: "நிசேயாவில் ஓட்டெடுத்துத்தான் இயேசுவைக் கடவுள் என்று கான்ஸ்டன்டைன் அறிவித்தார்." பின்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுந்தார். "அப்படின்னா பிளினி கடிதத்தை என்ன செய்வீங்க தம்பி?" என்றார். பித்தினியாவின் ஆளுநர் பிளினி சுமார் 112-இல் பேரரசர் திராஜனுக்கு எழுதிய கடிதம் அது. கிறிஸ்தவர்கள் குறித்த நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைக் கடவுளாகவே பாவித்துப் பாடுகிறார்கள் என்று விசாரணையில் தெரிந்ததை அதில் எழுதியிருக்கிறார். நிசேயா அந்தப் பித்தினியாவில்தான் இருக்கிறது. சங்கம் கூடுவதற்கு 200 ஆண்டுகளுக்கு முந்தைய சங்கதி.

தம்பியிடம் பதில் இல்லை. அதற்கப்புறம் நாஜி ஆட்சியை எதிர்த்த ஜெர்மானியப் போதகர் போன்ஹோஃபர் பற்றி அவர் பேசியது உண்மையிலேயே நல்ல பகுதி. யாரும் காது கொடுக்கவில்லை.

இந்தக் காலத்தைப் பற்றி எழுதும்போது ஒரு தாளில் 311, 313, 325, 337, 361, 380 என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அப்போது யார் ஆண்டார், எந்தப் பக்கம் நின்றார் என்று குறித்துக்கொள்ளுங்கள். 361-ஐ விட்டுவிடாதீர்கள். அது ஜூலியன் வந்த ஆண்டு. பழைய தெய்வங்களிடம் திரும்பிய பேரரசர் அவர். மறு ஆண்டே அவர் போட்ட சட்டத்தால், கிறிஸ்தவ ஆசிரியர்கள் ஹோமரைக் கற்பிக்க முடியாமல் போனது. இறையியலாளர் நசியான்சுவின் கிரகோரிக்கு வந்த கோபத்தைப் படித்துப் பாருங்கள். கிரேக்க இலக்கியத்தைத் தங்கள் சொத்தாக நினைத்த ஒருவரின் கோபம் அது.

நிசேயாவில்தான் வேதாகமம் தொகுக்கப்பட்டது என்பது

இல்லை. இன்றுள்ள புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் அப்படியே பட்டியலிடுவது 367-இல் அத்தநாசியஸ் எழுதிய சுற்றுமடல்.

தத்துவம் ஒரு பக்கம், விசுவாசம் ஒரு பக்கம் என்று கோடு போடுவது

"ஏதென்சுக்கும் எருசலேமுக்கும் என்ன சம்பந்தம்?" என்ற, ஆதிச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியனின் கேள்வியை முதல் பத்தியிலேயே போட்டுவிடுகிறார்கள். ஆன்மாவும் ஒருவகைப் பருப்பொருள்தான் என்று ஸ்தோயிக்கர்கள் என்ற கிரேக்கத் தத்துவப் பள்ளியினரை ஒட்டிப் பேசியவரும் இதே தெர்த்துல்லியன்தான் என்பது அடுத்த பத்தியில் வருவதில்லை.

எனக்குப் பிடித்த காட்சி சுமார் 165-இல் ரோமில் நடந்த விசாரணை. குற்றவாளிக் கூண்டில் ஜஸ்டின். கிறிஸ்தவரான பிறகும் தத்துவ ஆசிரியர்களின் மேலங்கியைக் கழற்றாதவர். தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருந்த நகர அதிகாரி ரஸ்டிகஸும் தத்துவவாதி. பேரரசர் மார்க்கஸ் அவுரேலியஸுக்கு எபிக்டெட்டஸின் பாடங்களை அறிமுகம் செய்த ஆசான். நீங்கள் எங்கே கூடுகிறீர்கள் என்று ரஸ்டிகஸ் கேட்கிறார். ஒரு குளியல்கூடத்துக்கு மேலே குடியிருக்கிறேன், கேட்க வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன் என்கிறார் ஜஸ்டின். தலையை வெட்டினால் பரலோகம் போவதாக நினைப்போ என்று கேட்டதற்கு, நினைப்பில்லை, தெரியும் என்று பதில். தலை போனது. தத்துவம் இங்கே கூண்டிலும் நிற்கிறது, நாற்காலியிலும் இருக்கிறது. இதை ஒரு பக்கக் கோட்டுக்குள் எப்படி அடைப்பீர்கள்?

அம்புரோஸைக் கதாநாயகனாக்கி அங்கேயே நின்றுவிடுவது

390-இல் தெசலோனிக்காவில் தன் படை நடத்திய படுகொலைக்காகத் தியோடோசியஸை மிலான் ஆயர் அம்புரோஸ் ஆலய வாசலிலேயே மறித்தார் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். அந்த வாசல் காட்சி பல பத்தாண்டுகள் கழித்துச் சபை வரலாற்றாசிரியர் தியோடோரெட் எழுதியது. நடந்தது அதைவிடச் சாதுரியமானது. உடம்பு சரியில்லை என்று ஊரைவிட்டு விலகிக்கொண்டு, பேரரசர் மட்டும் படிக்கும்படி தன் கைப்பட ஒரு கடிதம் எழுதினார் அம்புரோஸ். நீர் வந்து நின்றால் என்னால் திருப்பலி செலுத்த முடியாது என்றார். பேரரசர் வெளிப்படையாக மனம் வருந்தித் தவம் செய்தார்.

சரி, அதற்கு இரண்டு ஆண்டு முன்னால் போங்கள். யூப்ரடீஸ் கரையில் கல்லினிக்கும் ஊரில் கிறிஸ்தவக் கும்பல் ஒன்று யூதர்களின் ஜெப ஆலயத்தைக் கொளுத்தியது. தூண்டிவிட்டவர் அவ்வூர் ஆயர் என்று புகார். அவரே திரும்பக் கட்டித் தர வேண்டும் என்றார் தியோடோசியஸ். நியாயமான உத்தரவு. அதை ரத்து செய்யும்வரை விடாமல் பேரரசரை நெருக்கியவர் இதே அம்புரோஸ்தான். 390-ஐ எழுதினால் 388-ஐயும் எழுதுங்கள்.

அகஸ்டினிடமிருந்து கடற்கொள்ளைக்காரனை மட்டும் எடுத்துக்கொள்வது

நீதியை எடுத்துவிட்டால் அரசுகள் பெரிய கொள்ளைக் கூட்டங்கள்தானே என்று கேட்கிறார் வட ஆப்பிரிக்க ஆயர் அகஸ்டின். சிறு படகு வைத்திருப்பதால் நான் கொள்ளைக்காரன், பெரும் கப்பற்படை வைத்திருப்பதால் நீ பேரரசன் என்று அலெக்சாந்தரிடம் சொன்னவனின் கதை அதை ஒட்டி வருகிறது. அந்தக் கதை சிசெரோவிடமிருந்து வந்தது. மேடையில் சொன்னால் கைதட்டல் நிச்சயம். தொனாத்துஸ் கட்சியினரை அரசின் பலத்தால் சபைக்குள் கொண்டுவரலாம் என்று "உள்ளே வரும்படி வருந்திக் கூட்டிக்கொண்டுவா" என்ற லூக்கா வசனத்தை எடுத்துப் போட்டவரும் அவரே. முதலில் எனக்கு இதில் சம்மதமில்லை, பலனைப் பார்த்து மனம் மாறினேன் என்று ஒளிக்காமல் சொல்கிறார். மாற்றுக் கொள்கையினரைத் தண்டித்த பிற்கால விசாரணை மன்றங்கள் பிடித்துக்கொண்டது இந்த அகஸ்டினைத்தான்.

கனோசாவில் கதையை முடிப்பது

1077-இல் ஜெர்மானிய அரசர் நான்காம் ஹென்றி, தன்னைச் சபைநீக்கம் செய்த போப்பின் மன்னிப்புக்காக இத்தாலியின் கனோசா கோட்டை வாசலில் பனியில் நின்றார். 1084-இல் அதே ஹென்றி ரோமைப் பிடித்தார். அந்தப் போப் ஏழாம் கிரகோரி மறு ஆண்டு சலெர்னோவில் இறந்தார்.

ரோமர் 13-ஐத் தனியாக மேற்கோள் காட்டுவது

"எந்த மனுஷனும் மேலான அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியக்கடவன்." அதோடு வாதம் முடிந்தது என்று நினைப்பவர்கள், பவுல் அதை எழுதியது நீரோ ஆட்சியில் என்பதையாவது பார்க்க வேண்டும். மனிதரைவிடத் தேவனுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்கிற அப்போஸ்தலர் 5:29-ஐயும், கொடுமையான ஆட்சியை மிருகமாகக் காட்டும் வெளிப்படுத்தின விசேஷம் 13-ஐயும் பக்கத்தில் வைத்துத்தான் சபை அதைப் படித்து வந்திருக்கிறது.

1934 மே மாதம் ஜெர்மனியின் பார்மன் நகரில், சபைக்குள் நாஜிக் கொள்கை நுழைவதை எதிர்த்துக் கூடிய புராட்டஸ்டண்டுகள், அரசைப் பற்றிய ஐந்தாம் அறிக்கையின் தலைப்பில் ரோமர் 13-ஐப் போடவில்லை. 1 பேதுரு 2:17-ஐப் போட்டார்கள்: "தேவனுக்குப் பயந்திருங்கள், ராஜாவைக் கனம்பண்ணுங்கள்." பயம் தேவனுக்கு மட்டும். நீதியையும் சமாதானத்தையும் காப்பது அரசின் வேலை என்று ஒப்புக்கொண்டு, மனித வாழ்க்கை முழுவதற்கும் தானே ஒரே ஒழுங்காக அரசு மாற முடியாது என்று மறுத்தார்கள். பெரும்பகுதியை எழுதியவர் இறையியலாளர் கார்ல் பார்த். யூதர்களைப் பற்றி அந்த அறிக்கையில் ஒரு சொல்கூட இல்லை. பார்மனைப் புகழ்ந்து எழுதுகிற கட்டுரைகளில் இந்த ஒரு வரி இருக்கிறதா என்று நான் தேடிப் பார்ப்பேன்.

"கம்பெனியும் மிஷனரியும் கைகோத்து வந்தார்கள்" என்பது

நம் ஊர்க் கதை என்பதால் பார்க்காமலே எழுதிவிடுகிறார்கள். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கை அனுப்பியது டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக். அவரைச் சுமார் 4 மாதம் சிறையில் வைத்ததும் அதே டென்மார்க்கின் கோட்டைத் தளபதிதான். ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி, வியாபாரம் கெடும் என்று மிஷனரிகளை வரவிடாமல் பார்த்தது. ஆங்கிலேய மிஷனரி வில்லியம் கேரி 1800-இல் வங்காளத்தின் செராம்பூருக்குப் போனது அது டேனிஷ் பகுதி என்பதால்தான். 1806 வேலூர்ப் புரட்சிக்குப் பிறகு கம்பெனியின் பயம் இன்னும் கூடியது. கம்பெனியின் உரிமத்தைப் புதுப்பித்த 1813 பிரிட்டிஷ் சட்டம்தான் மிஷனரிகளுக்குக் கதவைத் திறந்தது.

அதே சட்டம் கல்கத்தாவுக்கு ஓர் ஆயர் பதவியையும் உண்டாக்கி, சம்பளத்தைக் கம்பெனியின் இந்திய வருவாயிலிருந்து கொடுக்கச் சொன்னது. அதாவது கைகோத்தது உண்மை, ஆனால் 1706-இலிருந்து அல்ல. 1813-க்குப் பிந்தைய ஆதாரத்தை வைத்துக்கொண்டு சீகன்பால்கைப் பற்றித் தீர்ப்பு எழுதினால் மதிப்பெண் குறைப்பேன்.