கைவண்டி நடைக்கு உடை எடுக்கிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

அமெரிக்காவின் யூட்டா, வயோமிங் மாநிலங்களில் கோடைக்காலத்தில் இதைப் பார்க்கலாம். நீளப் பாவாடையும் பானெட் தொப்பியும் போட்ட பெண்பிள்ளைகளும், சஸ்பெண்டர் (கால்சட்டையைத் தாங்கும் தோள்வார்) மாட்டிய பையன்களும் மரக் கைவண்டிகளை இழுத்துக்கொண்டு புழுதியில் நடந்து போவார்கள். 1856 முதல் 1860 வரை, மாட்டுவண்டிக்குக் காசில்லாத மார்மன் என்ற கிறிஸ்தவ மதப் பிரிவைச் சேர்ந்த ஏறத்தாழ 3,000 குடியேறிகள் தங்கள் சாமான்களைக் கைவண்டியில் ஏற்றித் தாங்களே யூட்டாவின் சால்ட் லேக் சிட்டிக்கு இழுத்துச் சென்றார்கள். பெரும்பாலோர் கிளம்பிய அயோவா சிட்டியிலிருந்து அது 2,000 கிலோமீட்டருக்கு மேல். அதை நினைவுகூரும் நடைதான் இன்றைய ‘ட்ரெக்’. பொதுவாக மூன்று நான்கு நாள் நடக்கும்.

முதல் தடவை போகிறவர்கள் உடையில் செய்கிற தவறுகள் பெரும்பாலும் ஒரே நினைப்பிலிருந்து வருகின்றன: இதை நாடக வேஷம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்த மக்கள் அதை உடுத்தித்தான் வண்டி இழுத்தார்கள், ஆற்றில் இறங்கினார்கள், அடுப்பு மூட்டினார்கள். உங்கள் உடையும் அந்த வேலைகளுக்கு ஈடுகொடுக்க வேண்டும்.

முதலில் காலக் குழப்பம். பழைய அமெரிக்கா என்றாலே சினிமா கவ்பாய்தான் பலர் கண்ணில் வருகிறான். செம்பு ரிவெட் அடித்த ஜீன்ஸுக்குக் காப்புரிமை கிடைத்தது 1873இல். ஸ்டெட்சனின் அகலத் தொப்பி 1865இல்தான் வந்தது. கூர்குதிகால் கவ்பாய் பூட்ஸும் அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் (1861–65) பிறகு, மாட்டு மந்தை ஓட்டிய காலத்தில் பரவியது. கைவண்டிக்காரர்கள் இவை எதையும் பார்த்திருக்க மாட்டார்கள். ஜீன்ஸை ஒதுக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. நனைந்துவிட்டால் கனக்கும், சீக்கிரம் காயாது, அப்புறம் தொடையை உரசிப் புண்ணாக்கிவிடும். அதற்காக எல்லாவற்றிலும் ஆண்டு பார்க்க வேண்டியதில்லை. ஜிப் 20ஆம் நூற்றாண்டுச் சரக்குதான், ஆனால் பாவாடையில் ஜிப் இருந்தால் ஒன்றும் குறைந்துபோகாது.

அடுத்தது துணி. ‘பயனியர் உடை’ என்று விலை மலிவாகக் கிடைப்பவற்றில் பல மெல்லிய பாலியெஸ்டர். வெயிலில் வியர்வையை உள்ளேயே பூட்டி வைக்கும். நெருப்புப் பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். வாங்கிய துணி மேல் சந்தேகம் இருந்தால் உள்மடிப்பிலிருந்து ஒரு நூலை உருவி, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் பொடியாக உதிரும். பாலியெஸ்டர் சுருங்கி, கடினமான கறுப்பு மணியாக நிற்கும். பகல் நடைக்குப் பருத்தியோ லினனோ போதும். சின்னப் பூப்போட்ட துணி, கட்டம் போட்டது, மண் நிறங்கள் எல்லாம் பொருத்தம். வெள்ளை வேண்டாம், முதல் நாள் மதியத்துக்குள் பழுப்பாகிவிடும்.

பாவாடை நீளம்தான் அதிகம் பேரை விழவைக்கிறது. கண்ணாடி முன்னால் நிமிர்ந்து நின்று பார்க்கையில் தரையைத் தொடும் பாவாடை அழகாகத்தான் இருக்கும். மேட்டில் வண்டி இழுக்கும்போது உடம்பு முன்னால் சாயும், முன்பக்கக் கரை இறங்கும், அடுத்த அடியை அதன் மேலேயே வைப்பீர்கள். பக்கத்திலேயே சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும். ஓரம் அதில் சிக்கினால் வண்டி உங்களுக்காக நிற்காது. கணுக்காலுக்கு நாலு விரல் மேலே நிறுத்தித் தையுங்கள். சுற்றளவு இரண்டரை மீட்டராவது இருக்கட்டும். இரண்டிரண்டு படியாக ஏறிப் பார்த்தால் போதுமா போதாதா என்று தெரிந்துவிடும். பாவாடையை விரித்துக் காட்டும் எஃகு வளையக் கூண்டு 1856இல் வந்த நாகரிகம்தான். அதே ஆண்டு என்பதற்காக அதைக் கொண்டுபோகாதீர்கள், அது வரவேற்பறைக்கு உரியது.

பாவாடைக்குள் முழங்காலுக்குக் கீழே வருகிற தளர்வான பருத்திக் கால்சட்டை கட்டாயம் வேண்டும். தொடை உரசலுக்கு அதுதான் மருந்து. ஆறு கடக்கும்போது, நாற்று நடுகிற பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகுவதுபோல் பாவாடையை இடுப்பில் செருகிக்கொள்ளவும் முடியும். அடுப்பருகிலும் அப்படியே செருகுங்கள், பருத்தியும் தீப்பிடிக்கும். இடுப்பில் பெரிய பையோடு ஒரு ஏப்ரன் கட்டிக்கொண்டால் கைக்குட்டை, பிளாஸ்திரி எல்லாம் அதில் போகும்.

பானெட்டைப் பலர் அலங்காரமாகவே நினைக்கிறார்கள். லேஸ் வைத்துக் குட்டையாக வாங்கி, முதல் மணி நேரத்திலேயே கழற்றி முதுகில் தொங்கவிடுவார்கள். வண்டிப் பாதையில் பெண்கள் போட்ட பானெட் முகத்தைத் தாண்டி முன்னால் நீண்டிருக்கும். விறைப்புக்காக உள்ளே அட்டையோ மெல்லிய மரப்பட்டையோ செருகியிருப்பார்கள். பின்னால் கழுத்தை மூட ஒரு துணித் தொங்கல். இளம் ட்ரெக் குழுக்கள் அதிகம் போகும், வயோமிங்கில் உள்ள மார்ட்டின்ஸ் கோவ், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில், நிழல் குறைந்த இடத்தில் இருக்கிறது. அங்கே வெயில் சுரீரென்று சுடும், காற்றும் ஓயாது. அந்தத் தொங்கலும் நீண்ட முன்விளிம்பும் அப்போதுதான் உதவும். ஒரு எச்சரிக்கை: பானெட் பக்கவாட்டுப் பார்வையை மறைக்கும். வண்டிக்குப் பக்கத்தில் நகருமுன் தலையை முழுதாகத் திருப்பிப் பாருங்கள்.

ஆண்களுக்குச் சொல்ல அதிகமில்லை. தளர்வான முழுக்கைச் சட்டை, இடுப்பு உயர்ந்த தொளதொள கால்சட்டை, கயிறு கட்டிய வைக்கோல் தொப்பி. சஸ்பெண்டரில் கிளிப் வேண்டாம், பொத்தான் வைத்தது எடுங்கள். குனிந்து இழுக்கும் வேகத்தில் கிளிப் தெறித்துவிடும்.

காலணியில் மட்டும் வரலாறு பார்க்காதீர்கள். அன்றைய மலிவுக் காலணிகள் பலவற்றில் இடது வலது என்ற வித்தியாசமே கிடையாது. அதையெல்லாம் உண்மையாகச் செய்கிறேன் என்று இறங்கினால் இரண்டாம் நாள் நடக்க முடியாது. ஏற்கெனவே போட்டுப் பழகிய நடைக்காலணியே சரி. பழுப்போ கறுப்போ இருந்தால் தூரத்துக்குத் தெரியாது. புதுக் காலணி வேண்டவே வேண்டாம். உள்ளே மெல்லிய ஒரு உறை, அதற்கு மேல் கம்பளிக் காலுறை. நனைந்ததை மாற்ற நாளுக்கு ஒரு ஜோடி கூடுதலாக வையுங்கள். ஈரமான தோல்தான் சீக்கிரம் கொப்புளிக்கும்.

வெயிலை மட்டும் எண்ணி மூட்டை கட்டுவதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் தவறு. 1856இல் ஆளுக்கு 17 பவுண்டு, அதாவது எட்டுக் கிலோவுக்கும் குறைவான சாமான்தான் அனுமதி, படுக்கையும் அதற்குள்ளேயே. தாமதமாகக் கிளம்பிய கைவண்டிக் குழுக்களில் ஒன்றான மார்ட்டின் குழு வயோமிங்கில் களைத்துப்போய், அக்டோபர் நடுவில் அதிலிருந்தும் போர்வைகளையும் துணிகளையும் கழித்துக்கட்டியது. அக்டோபர் 19இல் நார்த் பிளாட் ஆற்றின் கடைசித் துறையைக் கடந்தார்கள், அன்றே பனி பிடித்துக்கொண்டது. அந்தக் குழுவிலும், அதற்கு முன்னால் போன வில்லி குழுவிலுமாக 200 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த மண்ணில் நடப்பவர்கள் கம்பளியைப் பாரம் என்று வீட்டில் விட்டுவரலாமா?

ஜூலையிலும் அந்த உயரத்தில் இரவு நன்றாகக் குளிரும், மதியத்தில் இடிமழை வரும். பருத்தி நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், கம்பளி ஈரத்திலும் ஓரளவு கதகதப்பு தரும். ஒரு கம்பளிச் சால்வையோ ஸ்வெட்டரோ வைத்துக்கொள்ளுங்கள். மழைக்கோட்டு இன்றைய ரகமாகவே இருக்கட்டும், யாராவது முகம் சுளித்தாலும் பரவாயில்லை. இரவுக்கென்று ஒரு முழு மாற்றுடையை நீர் புகாத பையில் கட்டி, என்ன ஆனாலும் பகலில் தொடாதீர்கள்.

எல்லாம் தயாரான பிறகு, கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னதாக, முழு உடையையும் போட்டுக்கொண்டு ஐந்தாறு கிலோமீட்டர் நடந்து பாருங்கள். கொஞ்ச தூரம் கனமான எதையாவது இழுங்கள், குனிந்து நிமிருங்கள், தரையில் உட்கார்ந்து எழுந்திருங்கள். எங்கே உரசுகிறது, எந்தப் பொத்தான் தளர்கிறது, எந்த ஓரம் காலில் மாட்டுகிறது என்று அப்போது தெரியும். ஊசி நூல் எடுத்துச் சரிசெய்ய அந்த இரண்டு வாரம் தாராளம்.