பூங்காவைச் சுத்தம் செய்யப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

மலையகத்தில் இப்போது ஊருக்கு ஊர் இளைஞர் குழுக்கள் கிளம்பியிருக்கின்றன. பூங்கா ஓரம், பாடசாலைப் பின்புறம், ஓடைக்கரை என்று நாட்டு மரங்களாகத் தேடி வைக்கிறார்கள். சந்தோஷம். ஆனால் ஆரம்பத்தில் நாங்கள் ஆடிய அதே கூத்துகளை அவர்களும் ஆடும்போது வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. பொலித்தீன் பையைக் கிழிக்காமல் நடுவது, நட்டுவிட்டு அந்தப் பக்கமே போகாமல் இருப்பது போன்றவற்றை எழுதப் போவதில்லை. ஒரு கன்று செத்தால் அதுவே சொல்லிக்கொடுத்துவிடும்.

ஜூன் 5ஆம் திகதியைப் பிடித்துக்கொண்டு தொங்குவது

உலகச் சுற்றாடல் தினத்தில் நட்டால் படம் நன்றாக வரும். ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கம் கன்றும் பிழைக்கும். தென்மேற்குப் பருவமழை அப்போது இறங்கியிருக்கும். அதே நாளில் பண்டாரவளையிலோ வெலிமடையிலோ நட்டால் அடுத்து வருவது காற்றும் வறட்சியும்தான். ஊவாப் பக்கத்தில் ஒக்டோபர் மழை பெய்து, மண் ஒரு சாண் ஆழத்துக்காவது நனைந்த பிறகே கன்றைத் தொடுங்கள். விழாவை ஜூனில் வைத்து, பேச வேண்டியவர்களைப் பேசவிட்டு, கன்றை மட்டும் ஒக்டோபருக்கு ஒதுக்கினால் யாருக்கும் நஷ்டமில்லை. நுவரெலியா உயரத்தில் கணக்கு வேறு. ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி விழும் பள்ளங்களில், அதற்கு முன்பே வேர் பிடித்திருக்க வேண்டும்.

நாட்டு மரம்தான், ஆனால் எந்த உயரத்து மரம்?

நா மரம் 1986இல் இலங்கையின் தேசிய மரமானது. அதனால் எல்லாக் குழுவும் முதலில் நாக் கன்றோடுதான் வருகிறது. அது தாழ்நில ஈரவலயத்து மரம். கும்புக் ஆற்றங்கரை மரம். இரண்டையும் 1,800 மீற்றருக்கு மேலே கொண்டுபோய் வைத்தால் வருடக்கணக்கில் அப்படியே முழித்துக்கொண்டு நிற்கும். மேல்மலைக்குக் கீன, மஹ ரத்மல், வல் சப்பு, வல் குருந்து. கன்று வளர்க்கும் தவறணைக்காரர் இலவசமாகக் கொடுக்கிறார் என்பதற்காக ஜகரண்டாவைக் கொண்டுவராதீர்கள். பூ அழகுதான், ஆனால் வெளிநாட்டு மரம்.

சொரண்டி போட்டு வெளுப்பது

புல்லைச் சுரண்டி எடுக்கும் சொரண்டியால் நிலத்தை மொட்டையாக்குவதைச் சொல்கிறேன். எனக்கு இன்னும் எரிச்சல் தீராத விஷயம் இது. மற்றத் தவறுகளில் நட்ட கன்று போகும். இதில் யாரும் நடாமல் தானாக வந்த கன்று போகும்.

சிரமதானம் என்றால் நம்மவர்களுக்குக் கை சும்மா இருக்காது. நிலம் என்றால் புல் பூண்டு இல்லாமல் மண் தெரிய வேண்டும் என்பது தோட்டத்தில் பரம்பரையாகப் பழகிய கண். வெள்ளைக்காரத் துரைமார் தேயிலை மலைகளை அப்படித்தான் சொரண்ட வைத்தார்கள்; நல்ல மேல்மண் எல்லாம் மழையோடு ஆற்றுக்குப் போனது. அது கெடுதல் என்று தேயிலைத் துறையே பிறகு ஒப்புக்கொண்டது. கண் மட்டும் மாறவில்லை.

எங்கள் பூங்காவின் கீழ்ச் சரிவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுக் குழு ஒன்று இறங்கியது. நான் தேத்தண்ணிக்குச் சொல்லிவிட்டு வருவதற்குள் பாதிச் சரிவு வெளுத்துவிட்டது. தோட்டத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஓர் அம்மா முன்னால் போய்க்கொண்டிருந்தார். அவர் கைவேகத்துக்கு இளவட்டங்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. நிறுத்தச் சொன்னேன்.

"என்ன தம்பி, பாதியில நிப்பாட்டச் சொல்றீங்க? இப்படிக் காடா விட்டா பாக்குறவங்க சிரிக்க மாட்டாங்களா?"

பதில் சொல்லாமல் குப்பைக் குவியலைக் கிளறிக் காட்டினேன். போவிட்டியாப் புதர், பன்னம், புல், அவற்றுக்கு நடுவே விரல் நீளக் கீனக் கன்றுகள். கீன இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நடுநரம்பின் இரண்டு பக்கமும் சீப்புப் பல் போல நெருக்கமாகக் கோடுகள் ஓடும். காம்பைக் கிள்ளினால் பால் கசியும். ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். அந்த அம்மாவே குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இன்னும் சிலவற்றைப் பொறுக்கி எடுத்துத் தந்தார். திரும்ப நட்டதில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

இந்தக் கன்றுகளைத் தவறணையில் கேட்டாலும் சுலபத்தில் கிடைக்காது. பறவையும் வௌவாலும் போட்ட விதை, தனக்குப் பிடித்த இடத்தில், போவிட்டியா நிழலில் முளைத்திருக்கிறது. அந்த நிழலை எடுத்தால் தப்பிய கன்றும் வெயிலில் கருகும். காலியான இடத்துக்கு முதலில் வருவது மானாப் புல். அப்புறம் வாட்டில், கோர்ஸ் என்ற வெளிநாட்டுச் செடிகளின் விதைகள். இவை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் காத்துக் கிடக்கக்கூடியவை, மண்ணைக் கிளறியதும் எழும்பிவிடும். பூங்கா ஓரத்தைச் சொரண்டியதால் மலை இறங்கிவிடும் என்று நான் பயமுறுத்தவில்லை. ஆனால் அடுத்த மழையில் மேல்மண் கானில் ஓடும், நீங்கள் நடப்போகும் கன்றுக்கு மிஞ்சுவது சரளைக்கல்.

சரி, என்ன செய்வது? முதல் நாள் சொரண்டியை வீட்டில் வைத்துவிட்டுச் சிவப்புத் துணித் துண்டுகளோடு வாருங்கள். மரம் தெரிந்த ஒருவரை முன்னால் விட்டு, சரிவு முழுக்க நடந்து, தானாக வந்த கன்றுகளுக்கெல்லாம் துணி கட்டுங்கள். அடுத்த நாள், கட்டிய கன்றையும் நட்ட கன்றையும் சுற்றி ஒரு முழ அளவுக்கு மட்டும் புல்லை அறுங்கள். அறுத்ததை அங்கேயே மூடாக்காகப் போடலாம், தண்டில் படக் கூடாது. நாயுண்ணியை ஒரே நாளில் ஒழிக்க நினைக்காமல் பகுதி பகுதியாக எடுங்கள். சரிவில் வேரோடு இழுக்காமல் அடியோடு வெட்டி, துளிர்க்கத் துளிர்க்கத் திரும்ப வெட்டுங்கள். வேலை மெதுவாகத்தான் நடக்கும். படத்தில் பார்க்க ஒன்றும் இருக்காது.

நெலு என்ற குறிஞ்சி இனப் புதர் இருக்கும் இடத்தில் இன்னும் கவனம். பல நெலு வகைகள் பல வருடத்துக்கு ஒருமுறை, சில சுமார் 12 வருடத்துக்கு ஒருமுறை, கூட்டமாகப் பூத்து, விதை விட்டுச் சாகும். காய்ந்து நிற்பதைப் பார்த்துச் செத்த குச்சி என்று வெட்டிக் கொளுத்தினால் அடுத்த தலைமுறை விதையையும் சேர்த்துக் கொளுத்துகிறீர்கள்.

காட்டில் பிடுங்கி வருவது

வேண்டாம். பாதுகாக்கப்பட்ட காடென்றால் குற்றமும்கூட.

மாடு

வேலி போட்ட பிறகு நடுங்கள்.

பச்சைக் கிளிசரியாக் கம்பை ஊன்றுவது

கன்றுக்கு முட்டுக்கொடுக்க ஊன்றினால், கன்றுக்கு முன் கம்பு வேர்விட்டு மரமாகிவிடும்.

புல் வெட்ட வருகிறவரிடம் சொல்லாமல் விடுவது

வறட்சியைவிட புல் வெட்டும் மெஷினுக்குத்தான் எங்கள் கன்றுகள் அதிகம் பலியாகியிருக்கின்றன. நைலோன் நூல் தண்டைச் சுற்றிப் பட்டையை உரித்துவிடும். இலை கொஞ்ச நாள் பச்சையாகவே இருப்பதால் ஏன் செத்தது என்றுகூடத் தெரியாது. ஒவ்வொரு கன்றுக்கும் இடுப்பளவு காய்ந்த குச்சி ஊன்றி, நுனிக்கு வெள்ளைப் பெயின்ற் அடியுங்கள். அவர் வேலைக்கு வரும் முதல் காலையில் நீங்களும் கூடவே நடந்து, எந்த ஓரத்தில் மெஷினை நிறுத்திக் கத்தியால் வெட்ட வேண்டும் என்று காட்டுங்கள். ஆள் மாறினால் திரும்பவும் போய்க் காட்ட வேண்டும்.