ஏலத்தில் பழைய மஸ்டாங் எடுக்கும் முன்

1969 ஃபோர்டு மஸ்டாங் ஏலத்துக்கு வந்தால், பெயின்ட் பளபளப்பில் மயங்கிக் கையைத் தூக்கிவிடாதீர்கள். முதலில் வண்டியின் அடையாள எண்ணை (VIN) பாருங்கள். அந்தக் காலத்து மஸ்டாங்கில் இப்போதைய வண்டிகள் போல 17 இலக்கம் கிடையாது, எழுத்தும் எண்ணும் சேர்த்து மொத்தமே 11தான். அதில் ஐந்தாவதாக வரும் எழுத்து எஞ்சினைச் சொல்லிவிடும். '428 கோப்ரா ஜெட்' எஞ்சின் வண்டி என்று விற்கிறார்களா? அங்கே 'க்யூ' அல்லது 'ஆர்' இருக்க வேண்டும். 'எச்' இருந்தால் அது 351 எஞ்சினோடு பிறந்த வண்டி; எஞ்சின் பிறகு மாறியிருக்கிறது.

கதவில் உள்ள எண் தகட்டை மட்டும் நம்ப வேண்டாம், புதிதாக அடித்தே விற்கிறார்கள். பானெட்டுக்குள் மட்கார்டு உட்தகட்டில் குத்திய எண்ணும் ஒத்துப்போகிறதா பாருங்கள்.

அப்புறம் மார்ட்டி ரிப்போர்ட். ஃபோர்டின் தயாரிப்புப் பதிவுகளிலிருந்தே எடுப்பது. 1967 முதலான வண்டிகளுக்குக் கிடைக்கும். முதலில் அடித்த நிறம்கூட அதில் இருக்கும்.

துருவை மறைக்கப் பூசிய பட்டியை (putty) கண்டுபிடிக்க, துணி சுற்றிய காந்தம் போதும்; பட்டி பூசிய இடத்தில் அது சரியாக ஒட்டாது.