ரேக்கின் நடுவிலிருந்து சிக் வேகனைக் கழற்றுவது எப்படி

யார்டில் 58 பாக்ஸ்என் வேகன்களோடு (மேல்புறம் திறந்த சரக்குப் பெட்டிகள்) ஒரு லோடு ரேக், அதாவது சரக்கு ஏற்றிய முழு வேகன் தொடர், நிற்கிறது. முன்னால் என்ஜின், கடைசியில் பிரேக் வேன் (ட்ரெயின் மேனேஜரின் பெட்டி). என்ஜினிலிருந்து 24-வது வேகனுக்கு டிஎக்ஸ்ஆர் (வண்டிப் பரிசோதகர்) ஊழியர்கள் பழுது என்று சிக் லேபிள் ஒட்டிவிட்டார்கள். அதைக் கழற்றி சிக் லைனில் (பழுதான வேகன்களுக்கான தடம்) நிறுத்திவிட்டு, மீதியைக் கோர்த்து அனுப்ப வேண்டும்.

முகல்சராய், தண்டையார்பேட்டை போன்ற மார்ஷலிங் யார்டுகளில் ஒரு காலத்தில் இரவும் பகலும் வேகன்களைப் பிரித்துக் கோர்ப்பதுதான் வேலை. முழு ரேக்கையும் ஓரிடத்தில் ஏற்றி ஓரிடத்தில் இறக்கும் முறை 1980களில் வலுத்த பிறகு ஷண்டிங் எனப்படும் இந்தப் பிரித்துக் கோர்க்கும் வேலை வெகுவாகக் குறைந்துவிட்டது. தடம் மாற்றி, வேகன்களைக் கோர்க்கும் இன்றைய பாயிண்ட்ஸ்மேனுக்குக் கை பழகும் வாய்ப்பே குறைவு. அதனால் ஒவ்வொரு படியையும் விடாமல் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஷண்டிங் ஆர்டர் (டி-806 படிவம்) லோகோ பைலட் (என்ஜின் ஓட்டுநர்) கையில் சேரும் முன் எதையும் தொடக் கூடாது. எந்த லைனிலிருந்து எந்த லைனுக்கு, எத்தனை வேகன் என்பதை ஷண்டிங் மாஸ்டர், பாயிண்ட்ஸ்மேன், லோகோ பைலட் மூவரும் ஒரே மாதிரி புரிந்துகொண்டிருக்க வேண்டும். சிக்னல் காட்டுபவர் ஒருவர் மட்டுமே. அவர் கண்ணில் படாமல் போனால் லோகோ பைலட் உடனே நிறுத்திவிட வேண்டும்.

முதல் வேலை, பின்னால் விட்டுப்போகும் பகுதியைக் கட்டிப்போடுவது. லோடு ஏற்றிய ஒரு பாக்ஸ்என் வேகன் ஏறக்குறைய 81 டன். இங்கே 34 வேகன்கள் என்ஜின் இல்லாமல் நிற்கப்போகின்றன. இரு முனைகளிலும் உள்ளே நோக்கி எண்ணி, ஆறாறு வேகன்களுக்காவது ஹேண்ட் பிரேக்கை இறுகத் திருகுங்கள். பிரேக் வேனின் ஹேண்ட் பிரேக்கும் சேரட்டும். இரு முனைச் சக்கரங்களுக்கும் உருளாதபடி கட்டை கொடுத்து, ஸ்கிட் (தண்டவாளத்தின் மேல் வைக்கும் தடுப்பு), சங்கிலி என்று நிலையத்தின் விதி கேட்பதையெல்லாம் போடுங்கள்.

ஹேண்ட் பிரேக் தாங்குகிறதா என்பதைக் காற்று பிரேக் விடுபட்ட நிலையில்தான் சோதிக்க வேண்டும். காற்று பிரேக் பிடித்திருக்கும்போது பிரேக் கட்டை சக்கரத்தில் ஒட்டியிருப்பது எதையும் நிரூபிக்காது. 2013 ஜூலையில் கனடாவின் லாக்-மெகாண்டிக்கில் நடந்தது இதுதான். 72 டேங்கர்கள் கொண்ட எண்ணெய் ரயிலில் ஏழு ஹேண்ட் பிரேக் மட்டும் போட்டு, என்ஜினின் காற்று பிரேக் பிடித்திருக்கும்போதே சோதித்துவிட்டுப் போனார்கள். தீப்பிடித்த என்ஜினின் இயக்கத்தைப் பிறகு நிறுத்தியதும் கம்ப்ரஸர் நின்று, காற்று மெல்லக் கசிந்து, ரயில் சரிவில் உருண்டு ஊருக்குள் பாய்ந்தது. 47 பேர் இறந்தார்கள்.

அடுத்தது காற்றுக் குழாய். லோகோ பைலட்டைப் பிரேக் போடச் சொல்லுங்கள். காற்று வெளியேறும் சத்தம் முழுதாக அடங்கிய பிறகே 24-க்கும் 25-க்கும் நடுவிலுள்ள ஆங்கிள் காக்குகளை (காற்றுக் குழாயின் முனை வால்வுகள்) மூடுங்கள், என்ஜின் பக்கம் முதலில். பிடி குழாய்க்குக் குறுக்கே நின்றால் மூடியது, குழாயோடு நேராக நின்றால் திறந்தது. ஹோஸில் மிச்சமிருக்கும் காற்று வெளியேறியதும் கையால் பிரித்துவிடலாம். பிறகு 25-வது வேகனின் ஹோஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அதன் காக்கை மெல்லத் திறந்து, திறந்தபடியே விட்டுவிடுங்கள். பிரேக் பைப் (ரேக் முழுதும் ஓடும் காற்றுக் குழாய்) காலியானதும் பின் பகுதியில் பிரேக் முழுதாகப் பிடிக்கும். மூடியே விட்டால் காற்று உள்ளே சிறைபடும். அதிலும் காற்று ஓடிக்கொண்டிருக்கும்போதே மூடினால் அழுத்தம் திடீரென ஏறி, பிடித்திருந்த பிரேக் தானாகவே விடுபட்டுவிடலாம்.

இனி வேகன்களை இணைக்கும் கப்ளர். ஆபரேட்டிங் ஹேண்டிலைத் தூக்கியும் லாக் எழும்பாவிட்டால் கப்ளர் இழுவையில் இருக்கிறது என்று பொருள். என்ஜினைக் கொஞ்சம் பின்னே தள்ளச் சொல்லி நின்றதும் தூக்கினால் எளிதாக வரும். ஹேண்டிலோடு மல்லுக்கட்டாதீர்கள். வண்டி அசையும்போது இரண்டு வேகன்களுக்கு நடுவே ஒருபோதும் நுழையாதீர்கள்.

24 வேகன்களோடு முன்னே போய் பாயிண்டை (தடம் மாற்றும் இடம்) தாண்டி நின்று, பாயிண்டைத் திருப்பி, சிக் வேகனைப் பின்தள்ளி சிக் லைனில் விடுங்கள். ஷண்டிங்கில் உச்ச வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர். பெட்ரோலியமோ வெடிபொருளோ இருந்தால் 8. தள்ளும்போது நடக்கிற வேகமே போதும். பழுது பிரேக்கிலேயே இருந்தால் ஹேண்ட் பிரேக்கையும் நம்ப முடியாது. கழற்றுவதற்கு முன்பே சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்துவிடுங்கள். வேகன் பவுலிங் மார்க்குக்கு (பக்கத்துத் தடத்தில் போகும் வண்டி உரசாதிருக்க இடும் எல்லைக்குறி) உள்ளே நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

மீதி 23 வேகன்களோடு திரும்பி வரும்போது, நிற்கும் பகுதிக்கு 20 மீட்டர் முன்பே வண்டியை ஒருமுறை நிறுத்துங்கள். ஒரு பக்க நக்கிளாவது (கப்ளரின் திறந்து மூடும் கொக்கி) திறந்திருக்க வேண்டும். சரிசெய்ய வேண்டுமென்றால் இந்த நிறுத்தத்தில்தான் செய்ய முடியும். பிறகு கப்ளிங் சிக்னல்: பகலில் பச்சை, சிவப்புக் கொடிகளைத் தலைக்கு மேல் பிடிக்க வேண்டும், இரவில் பச்சை விளக்கைத் தலைக்கு மேல் உயர்த்தி மணிக்கட்டைத் திருப்ப வேண்டும். வளைவில் நிறுத்திக் கோர்த்தால் கப்ளர்கள் ஒன்றையொன்று விலகிப் போகும், ஆகவே பிரிக்கும் இடத்தையே நேர்ப்பாதையில் தேர்ந்தெடுப்பது நல்லது. கோர்த்ததும் லாக் விழுந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். என்ஜினை ஒருமுறை லேசாக இழுக்கவும் சொல்லுங்கள். பாதி விழுந்த லாக் யார்டில் தாங்கும், வழியில் ஏற்றத்தில் இழுக்கும்போது பிரியும்.

ஹோஸ் மாட்டும் முன் ரப்பர் வாஷர் இருக்கிறதா, கிழிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பின் பக்கத்துக் காக் திறந்திருப்பதை உறுதிசெய்துகொண்டு என்ஜின் பக்கத்துக் காக்கை மெல்லத் திறக்க வேண்டும். சட்டென்று திறந்தால் முன் பகுதியில் எமர்ஜென்சி பிரேக் பிடித்துவிடும். என்ஜினில் பிரேக் பைப் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ வந்த பிறகு பிரேக் வேனில் பார்த்தால், 57 வேகன் கொண்ட இந்த ரேக்குக்குக் குறைந்தது 4.7 இருக்க வேண்டும். 56 வரை என்றால் 4.8. வராவிட்டால் கசிவு பெரும்பாலும் நீங்கள் இப்போது மாட்டிய ஹோஸிலேயே இருக்கும். பிரேக் வேனிலிருந்து அழுத்தத்தைக் குறைத்து, அது என்ஜினில் தெரிகிறதா என்று பார்த்தால் நடுவில் எந்தக் காக்கும் மூடியில்லை என்பது உறுதியாகும்.

இவ்வளவும் ஆன பிறகே ஸ்கிட், சங்கிலி, கட்டைகளை எடுத்து, ஹேண்ட் பிரேக்குகளை விடுவிக்க வேண்டும். போட்டது எத்தனை, எடுத்தது எத்தனை என்று எண்ணிக்கொண்டே நடங்கள். ஒன்று விட்டுப்போனாலும் சக்கரம் சுழலாமல் தேய்ந்து தட்டையாகி, வழியெல்லாம் தண்டவாளத்தை அடித்துக்கொண்டே போகும். கழற்றிய வேகனின் எண்ணை பிரேக் பவர் சான்றிதழில் குறித்து, ட்ரெயின் மேனேஜரும் (2022 வரை கார்டு என்ற பெயர்) லோகோ பைலட்டும் கையெழுத்திட்டதும் ரேக் புறப்படத் தயார்.