அமெரிக்கக் கல்லூரி அணிகள் கூட்டமைப்பு மாறும் செய்திகளைப் படிப்பது எப்படி?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் விளையாட்டு அணிகள், கான்ஃபரன்ஸ் எனப்படும் கூட்டமைப்புகளில் சேர்ந்தே ஆடுகின்றன. போட்டி அட்டவணை, சாம்பியன் பட்டம், எல்லாவற்றுக்கும் மேலாகத் தொலைக்காட்சி வருமானம் ஆகியவற்றை உறுப்பினர்கள் பகிர்ந்துகொள்வது இந்தக் கூட்டமைப்பின் வழியாகத்தான். இவற்றின் பெயரையும் வரைபடத்தையும் நம்பி இன்றைய செய்திகளைப் படித்தால் ஒன்றும் விளங்காது. பிக் டென் கூட்டமைப்பில் 18 பல்கலைக்கழகங்கள் உள்ளன. பிக் 12இல் 16 உள்ளன. அட்லாண்டிக் கரையின் பெயரைத் தாங்கிய ஏ.சி.சி.யில் பசிபிக் கரையோரத்து ஸ்டான்ஃபோர்டு ஆடுகிறது. ஆகவே, ஓர் அணி இடம் மாறுகிறது என்ற செய்தி வந்தவுடன் வரைபடத்தை மூடிவைத்துவிட்டு, ஒப்பந்தங்களைத் தேடுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது தொலைக்காட்சி ஒப்பந்தம் முடியும் தேதி. 1984 வரை கல்லூரிக் கால்பந்தை எத்தனை முறை, எந்தத் தொலைக்காட்சியில் காட்டலாம் என்பதை என்.சி.ஏ.ஏ. என்ற தேசிய அமைப்பே முடிவு செய்துவந்தது. (இங்கே கால்பந்து என்பது அமெரிக்கக் கால்பந்தையே குறிக்கும்.) ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் தொடுத்த வழக்கில் அந்த ஏகபோகம் வணிகப் போட்டியைப் பாதுகாக்கும் சட்டத்துக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் தீர்ப்பளித்த பிறகு, ஒளிபரப்பு உரிமையை விற்கும் அதிகாரம் பல்கலைக்கழகங்களுக்கும் கூட்டமைப்புகளுக்கும் வந்து சேர்ந்தது. அதன் பின் நடந்த பெரிய இடமாற்றங்களில் பெரும்பாலானவை ஒப்பந்தம் முடியவிருந்த அல்லது புதிய ஒப்பந்தம் பேசப்பட்ட காலத்தை ஒட்டியே நடந்தன. லாஸ் ஏஞ்சலஸ் நகரின் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகமும் யு.சி.எல்.ஏ.வும் மேற்குக் கரைக் கூட்டமைப்பான பேக்-12ஐ விட்டுப் பிக் டென்னுக்குச் செல்வதாக அறிவித்தது 2022 ஜூன் 30இல், ஃபாக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி. ஆகிய மூன்று தொலைக்காட்சி நிறுவனங்களுடனும் 700 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள ஏழாண்டு ஒப்பந்தத்தைப் பிக் டென் அறிவித்தது அதே ஆண்டு ஆகஸ்டில்.

அடுத்து, அந்தக் கூட்டமைப்பில் உரிமை ஒப்படைப்பு ஒப்பந்தம் உண்டா, எதுவரை செல்லும் என்று பாருங்கள். ஓர் உறுப்பினர் தன் சொந்த மைதானத்தில் ஆடும் போட்டிகளின் ஒளிபரப்பு உரிமையைக் குறிப்பிட்ட ஆண்டு வரை கூட்டமைப்பிடம் எழுதிக் கொடுப்பதே இந்த ஒப்பந்தம். இடையில் விலகினாலும் உரிமை கூட்டமைப்பிடமே இருக்கும் என்பதால், விலகுபவரைச் சேர்த்துக்கொள்ள வேறு யாரும் முன்வரத் தயங்குவார்கள். ஏ.சி.சி.யில் இது 2036 வரை நீட்டிக்கப்பட்டது. அந்தக் கட்டை உடைக்கவே ஃப்ளோரிடா ஸ்டேட் 2023 டிசம்பரிலும் கிளெம்சன் 2024 மார்ச்சிலும் வழக்குத் தொடுத்தன. 2025 மார்ச்சில் ஏற்பட்ட சமரசத்தின்படி விலகல் கட்டணம் ஆண்டுதோறும் குறைந்து 2030-31இல் 7.5 கோடி டாலரில் வந்து நிற்கும். அதைக் கட்டிவிட்டு விலகும் பல்கலைக்கழகம் தன் ஒளிபரப்பு உரிமையையும் எடுத்துச் செல்லலாம்.

விலகல் கட்டணமாகச் செய்தியில் வரும் முதல் தொகையை அப்படியே நம்ப வேண்டாம். மேரிலண்ட் பிக் டென்னுக்குப் போனபோது ஏ.சி.சி. கேட்டது ஏறத்தாழ 5.2 கோடி டாலர். 2014இல் முடிவானது 3.14 கோடி. டெக்ஸஸும் ஓக்லஹோமாவும் பிக் 12இலிருந்து ஓராண்டு முன்னதாக எஸ்.இ.சி. என்ற கூட்டமைப்புக்குச் செல்ல, இரண்டும் சேர்ந்து 10 கோடி டாலருக்கு ஒப்புக்கொண்டன.

சேருபவருக்கு முழுப் பங்கு கிடைக்கிறதா என்ற கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகமும் ஏ.சி.சி.யில் தொடக்க ஆண்டுகளுக்குக் குறைந்த பங்கையே ஏற்றுக்கொண்டன. டல்லஸைச் சேர்ந்த எஸ்.எம்.யூ. ஒன்பது ஆண்டுகளுக்குக் கூட்டமைப்பின் தொலைக்காட்சிப் பணமே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து உள்ளே சென்றது. நன்கொடையாளர்களிடம் ஒரே வாரத்தில் 10 கோடி டாலர் திரட்டியதாக அறிவிக்கும் வசதி அதற்கு இருந்தது. எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் அப்படிப்பட்ட நன்கொடையாளர்கள் வாய்ப்பதில்லை என்பதை நினைவில் கொண்டே, "சேர்ந்துவிட்டார்கள்" என்ற தலைப்புச் செய்தியை எடைபோட வேண்டும்.

முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் என்பதையும் விசாரியுங்கள். பயிற்சியாளரோ விளையாட்டுத் துறை இயக்குநரோ சொல்வது இறுதி முடிவாகாது. அரசுப் பல்கலைக்கழகமாக இருந்தால் ஆட்சிக் குழுவின் நிகழ்ச்சி நிரலில் இந்தப் பொருள் இடம்பெற்றிருக்கிறதா என்று பார்ப்பதே நம்பகமான வழி. யு.சி.எல்.ஏ.வும் பெர்க்லியும் கலிஃபோர்னியாவின் ஒரே ஆட்சிக் குழுவின் கீழ் இருப்பவை. 2022 டிசம்பரில் யு.சி.எல்.ஏ.வின் இடமாற்றத்துக்கு ஒப்புதல் அளித்த அக்குழு, அதனால் பாதிக்கப்படும் பெர்க்லிக்கு யு.சி.எல்.ஏ. ஈடு செலுத்த வேண்டும் என்றும் நிபந்தனை விதித்தது. 2024இல் அது ஆண்டுக்கு ஒரு கோடி டாலர் என முடிவானது.

கைவிடப்பட்டவர்களின் நிலையைப் படிக்க, கூட்டமைப்பின் துணை விதிகளைத் திறந்து பார்க்கத்தான் வேண்டும். 1915இல் தொடங்கிய மரபைக் கொண்ட பேக்-12 சரிந்த விதம் இதற்கு நல்ல பாடம். அதன் தொலைக்காட்சி ஒப்பந்தமும் உரிமை ஒப்படைப்பும் 2024 கோடையில் ஒன்றாகவே முடிவதாக இருந்ததால், வெளியேறுபவருக்கு அங்கே தடை ஏதும் இல்லை. 2023 ஜூலை இறுதியில் கொலராடோ பிக் 12க்குச் சென்றது. ஆகஸ்ட் 4 காலை, ஆப்பிள் நிறுவனத்தின் இணைய ஒளிபரப்புத் திட்டத்தை ஏற்றுக் கையெழுத்திடுவதற்காக மற்ற ஒன்பது பல்கலைக்கழகங்களின் தலைவர்கள் கூடவிருந்த நிலையில், வாஷிங்டனும் ஆரெகனும் பிக் டென்னை நோக்கித் திரும்பின. அன்றே அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12இல் சேர்ந்தன. ஒரு மாதத்துக்குள் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் கிளம்ப, ஆரெகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் என்ற இரண்டே எஞ்சின.

ஆனால் துணை விதிகளில் ஒரு வரி இருந்தது: 2024 ஆகஸ்ட் 1க்கு முன்பு விலகல் அறிவிப்புக் கொடுக்கும் உறுப்பினருக்கு நிர்வாகக் குழுவில் இடமில்லை. 2022இல் யு.சி.எல்.ஏ.வும் தென் கலிஃபோர்னியாவும் விலகுவதாகச் சொன்னபோது, இதே விதியைக் காட்டி அவற்றைக் குழுவிலிருந்து நீக்கியவர்கள் மற்ற பத்துப் பேரும்தான். அதையே ஆதாரமாகக் காட்டி எஞ்சிய இரண்டும் வாஷிங்டன் மாநிலத்தின் விட்மன் மாவட்ட நீதிமன்றத்தை நாடின. கூட்டமைப்பின் கட்டுப்பாடு அவற்றுக்கே உரியது என்று 2023 நவம்பரில் உத்தரவு வந்தது. உயர்நிலைக் கால்பந்தில் ஒரு கூட்டமைப்புக்குக் குறைந்தது எட்டு அணிகள் வேண்டும்; குறைந்தால் ஈராண்டு அவகாசம் உண்டு. அந்த அவகாசத்துக்குள் எஞ்சிய இரண்டும் பாய்சி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட் ஆகியவற்றை 2026 முதல் சேர்க்க ஏற்பாடு செய்தன. அடுத்து ஒப்பந்தமான கொன்ஸாகாவில் கால்பந்து அணியே இல்லை என்பதால் எட்டு என்ற எண்ணிக்கை நிறையவில்லை. 2025 ஜூனில் டெக்ஸஸ் ஸ்டேட் வந்த பிறகே நிறைந்தது. புதிய உறுப்பினர் பட்டியலைப் பார்க்கும்போது, கால்பந்து ஆடுபவர்கள் எத்தனை பேர் என்று தனியே எண்ண வேண்டியதன் காரணம் இதுவே.

மற்ற விளையாட்டுகளின் அட்டவணையையும் தவறாமல் பாருங்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. கால்பந்து அணி பெரும்பாலும் வாரம் ஒருமுறை ஆடுகிறது, அதுவும் தனி விமானத்தில் செல்கிறது. வாலிபால், சாஃப்ட்பால் வீராங்கனைகள் வகுப்பு நாட்களிலும் பயணம் செய்ய வேண்டியவர்கள். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து, பிக் டென்னின் மற்றோர் உறுப்பினரான ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் இருக்கும் நியூ ஜெர்சிக்கு ஏறத்தாழ 3,900 கி.மீ.; மூன்று மணி நேர வித்தியாசம் வேறு. பிள்ளைகளுக்கு விளையாட்டு உதவித்தொகை தேடும் பெற்றோர், பயிற்சியாளரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு: ஒரு பருவத்தில் எத்தனை நாள் வகுப்பு தவறும், தேர்வு வாரத்தில் வெளியூர்ப் போட்டி உண்டா, இரண்டு வெளியூர்ப் போட்டிகளை ஒரே பயணத்தில் முடிக்கிறார்களா. தொலைக்காட்சிப் பணம் கால்பந்துக்காக வருகிறது. பயணக் களைப்போ எல்லோருக்கும் பங்கிடப்படுகிறது. இந்த அநியாயத்தை எந்த ஒப்பந்தமும் பேசுவதில்லை.

இனி வரும் செய்திகளுக்காக நாட்காட்டியில் சில ஆண்டுகளைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பிக் டென்னின் ஒப்பந்தம் 2029-30 பருவத்துடன் முடிகிறது. பிக் 12இன் ஒப்பந்தம் அதற்கு அடுத்த பருவத்துடன், ஏ.சி.சி.யின் விலகல் கட்டணம் அடிமட்டத்துக்கு வரும் அதே பருவத்துடன் முடிகிறது. எஸ்.இ.சி.யும் விளையாட்டுத் தொலைக்காட்சியான ஈ.எஸ்.பி.என்.னும் செய்துகொண்ட பத்தாண்டு ஒப்பந்தம் 2033-34 வரை செல்லும். இந்தத் தேதிகளுக்கு ஓரிரு ஆண்டுகள் முன்பு, ஏ.சி.சி.யின் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றின் ஆட்சிக் குழு "விளையாட்டு ஒப்பந்தங்கள்" என்ற பொருளில் மூடிய கூட்டம் அறிவித்தால், அந்தச் செய்தியைத் தொடர்ந்து கவனியுங்கள்.