பழக இனிமையானவர்களை மொழிபெயர்ப்பது: ஸ்பானியத்திலிருந்து வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்பானிய மொழி கற்றுக்கொண்டு மொழிபெயர்ப்புக்கு வரும் இளைஞர்களின் பிரதிகளைத் திருத்திக் கொடுப்பது சில வருடங்களாக என் வேலையில் ஒரு பகுதி. இலக்கணத்தில் அவர்கள் அதிகம் தவறுவதில்லை. மனிதர்களைப் பற்றிய வருணனை வந்தால்தான் சறுக்குகிறார்கள். அதிலும், கலகலப்பான ஆள், யாரிடமும் சட்டென்று ஒட்டிக்கொள்பவர், பேசிக்கொண்டிருந்தால் மனசு லேசாகிறது என்று சொல்லத்தக்கவர் போன்ற மனிதர்களுக்கு ஸ்பானியத்தில் சொற்கள் ஏராளம். அவற்றைத் தமிழுக்குக் கொண்டுவருவதில் என் பழைய பிரதிகளில் இருந்த பிழைகளையே மறுபடி பார்க்கிறேன்.

‘சென்சிப்லே’ என்றால் விவேகி இல்லை, எளிதில் மனம் நெகிழ்பவர். ‘எதுகாதோ’ என்றால் படித்தவர் இல்லை, மரியாதை தெரிந்தவர். ஆங்கிலச் சொல்லோடு வரும் இந்த மாதிரிப் போலி ஒற்றுமைகள் எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருக்கின்றன. அவற்றை விட்டுவிடுகிறேன்.

எல்லோரையும் ‘நட்பானவர்’ ஆக்குவது

இன்றுவரை எனக்கு எரிச்சல் தருவது இதுதான். சிம்பாத்திகோ, மாஹோ, செர்கானோ, காம்பெச்சானோ, அபியெர்தோ, என்த்ரான்யாப்லே என்று மூலத்தில் ஆறு வேறு ஆட்கள் வருவார்கள். மொழிபெயர்ப்பில் ஆறு பேரும் ‘நட்பானவர்’. காரணம் எளிது. மொழிபெயர்ப்பவர் ஸ்பானிய–ஆங்கில அகராதியைத் திறக்கிறார். எல்லாவற்றுக்கும் எதிரில் ‘ஃபிரெண்ட்லி’ என்று ஏதோ ஒரு மூலையில் போட்டிருக்கிறது. அதை அப்படியே தமிழாக்கி வைத்துவிடுகிறார். ஸ்பானியத்துக்கும் தமிழுக்கும் நடுவே ஆங்கிலம் உட்கார்ந்துகொண்டு எல்லா வேறுபாட்டையும் வாங்கி வைத்துக்கொள்கிறது.

நாம் எப்போதாவது ‘என் மாமா நட்பானவர்’ என்று சொல்லியிருக்கிறோமா? ‘நல்லாப் பழகுவார்’ என்போம், ‘பந்தா பண்ண மாட்டார்’ என்போம். தமிழில் இந்தக் குணம் பெயரடையில் இல்லை, ‘பழகு’ என்ற வினையில் இருக்கிறது. தவிரவும், நட்பு நமக்குக் கனமான சொல். குறளில் அதற்கு ஐந்து அதிகாரங்கள். முகம் மலர்ந்தால் மட்டும் போதாது, நெஞ்சும் மலர வேண்டும் என்று அங்கே சொல்லியிருக்கிறது. மாட்ரிட்டில் மருந்துக் கடைப் பெண்ணை ஒருவர் ‘மாஹா’ (மாஹோவின் பெண்பால்) என்று சொல்லும்போது அவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்லவில்லை. அந்தப் பெண் முகம் சுளிக்காமல் பதில் சொன்னாள், நல்ல மாதிரியாகத் தெரிந்தாள், அவ்வளவுதான்.

வேறுபாடுகளைக் கொஞ்சம் பார்ப்போம். ‘சிம்பாத்திகோ’ என்பது ஒருவர் அருகில் இருக்கும்போது மற்றவர்களுக்கு உண்டாகும் உணர்வைச் சொல்வது. ஆள் தனியாக இருக்கும்போது அன்பானவராக இருக்கலாம், நேர்மையானவராக இருக்கலாம், சிம்பாத்திகோவாக இருக்க முடியாது. அதற்கு எதிரே ஒரு ஆள் வேண்டும். எதிர்ச்சொல்லான ‘அந்திபாத்திகோ’வும் அப்படித்தான்: கெட்டவர் என்று அர்த்தமில்லை, சிடுமூஞ்சி. ‘மாஹோ’ ஸ்பெயினின் அன்றாடச் சொல். வீட்டு உரிமையாளர், நண்பனின் புதுக் காதலி, பக்கத்து இருக்கைப் பயணி என்று யாருக்கும் சொல்லலாம். ‘செர்கானோ’வின் நேர்ப்பொருள் அருகில் இருப்பவர். தூரம் எதிர்பார்க்கப்படும் ஆளுக்கு, அதாவது பெரிய பாடகருக்கு, தலைமை மருத்துவருக்கு, அரசியல்வாதிக்குத்தான் அது பொருந்தும். ‘அபியெர்தோ’ என்றால் மனம் திறந்து பழகுபவர். ‘என்த்ரான்யாப்லே’ கலகலப்போடு சம்பந்தமே இல்லாதது. உள்ளுறுப்புகளைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. நினைத்தாலே வாஞ்சை வருகிற பாட்டி, வாயே திறக்காத தாத்தா எல்லாரும் அதில் அடக்கம்.

இனி ‘காம்பெச்சானோ’. பெரும் சேதம் நடப்பது இங்கேதான். அந்தஸ்தில் மேலே இருக்கும் ஒருவர் அந்த உயரத்தைக் காட்டிக்கொள்ளாமல் சாதாரண ஜனங்களோடு சகஜமாகப் பழகினால் இந்தச் சொல் வரும். கூலித் தொழிலாளியை யாரும் பொதுவாக இப்படிச் சொல்வதில்லை. இறங்கி வர அவருக்கு உயரம் வேண்டுமே. ஸ்பெயினில் பலருக்கு இந்தச் சொல்லைக் கேட்டதும் நினைவுக்கு வருபவர் மன்னர் முதலாம் ஹுவான் கார்லோஸ். 1975 முதல் 2014 வரை அரியணையில் இருந்தவர். கேலி பேசுவார், தோளில் தட்டுவார் என்பதால் நாளிதழ்களும் மக்களும் அவரைக் காம்பெச்சானோ என்றே குறிப்பிட்டார்கள். 2012-இல், நாடு பொருளாதார நெருக்கடியில் தவித்துக்கொண்டிருந்தபோது, போட்ஸ்வானாவில் யானை வேட்டைக்குப் போன இடத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த செய்தி வெளியே வந்தது. பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். 2014 ஜூனில் பதவி விலகினார். 2020-இல் நாட்டை விட்டு அபுதாபிக்குப் போனார். இப்போது அதே சொல்லை அவரைப் பற்றிச் சொன்னால் பல வாய்களில் கசப்பு சேர்ந்து வரும். ‘காட்டிய சகஜமெல்லாம் சரி, உள்ளே என்ன நடந்தது?’ என்கிற தொனி.

இந்தப் பின்னணியுள்ள ஒரு கட்டுரையை ஒருவர் ‘நட்பான மன்னர்’ என்று மொழிபெயர்த்திருந்தார். திருத்தச் சொன்னதும் ‘எளிமையான மன்னர்’ என்று மாற்றி அனுப்பினார். எனக்கு அது இன்னும் பெரிய தவறாகப் பட்டது. தமிழில் ஒரு தலைவரை எளிமையானவர் என்றால் காமராஜரும் கக்கனும் நினைவுக்கு வருவார்கள். அது வாழ்க்கை முறையைப் பற்றிய சொல்: சொத்து சேர்க்காதது, ஆடம்பரம் இல்லாதது. காம்பெச்சானோ அதைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை. மாளிகையில் வாழலாம், யானை வேட்டைக்கும் போகலாம், ஆனாலும் காம்பெச்சானோவாக இருக்கலாம். அந்தச் சொல்லுக்குள் இருக்கும் பிரச்சினையே அதுதான். அதை ‘எளிமையானவர்’ ஆக்கினால், மூலத்தில் எழுத்தாளர் கேட்ட கேள்வியை மொழிபெயர்ப்பாளர் தானே முன்வந்து அழித்துவிடுகிறார். ‘பந்தா இல்லாதவர்’, ‘யாரோடும் சகஜமாகப் பழகும் மன்னர்’ என்றிருந்தால் போதும். அந்தக் கசப்பு உட்காரவும் இடம் இருக்கும்.

இதே தவறு ஒரு சிறுகதையில் இன்னும் மோசமாக விழுந்ததைப் பார்த்தேன். ஊர்த் தலைவர் ஒருவரைக் கதையின் முதல் பக்கத்திலேயே பண்ணையாட்கள் காம்பெச்சானோ என்கிறார்கள். கடைசியில் அவரே அவர்களை நிலத்திலிருந்து வெளியேற்றுகிறார். மூலத்தைப் படிப்பவர் முதல் பக்கத்திலேயே கொஞ்சம் உஷாராகிவிடுவார்: இவர் மேலே இருப்பவர், வேண்டும்போது இறங்கி வருகிறார், வேண்டும்போது ஏறிக்கொள்வார். தமிழில் ‘நட்பான தலைவர்’ என்று வந்ததால் முடிவு திடீரென்று எங்கிருந்தோ குதித்த மாதிரி இருந்தது. கதையில் ஓட்டை இருக்கிறது என்று எழுத்தாளரைக் குறை சொன்னார்கள் வாசகர்கள். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. பதிப்பகம் மறு அச்சில் திருத்துவதாகச் சொன்னது. மறு அச்சு வரவே இல்லை.

ஆகவே என்னிடம் வருபவர்களை முதலில் ஒரு கேள்வி கேட்கச் சொல்கிறேன்: இதை யார், யாரைப் பற்றி, எந்த இடத்திலிருந்து சொல்கிறார்? மேலிருப்பவரைப் பற்றிக் கீழிருப்பவர் சொல்கிறாரா, சரிசமமானவர் சொல்கிறாரா, முன்பின் தெரியாதவர் சொல்கிறாரா? இது தெரிந்துவிட்டால் தமிழ்ச் சொல் பெரும்பாலும் தானாக வந்துவிடும். தெரியாவிட்டால் எந்த அகராதியும் உதவாது.

‘பிடித்திருக்கிறது’

‘மெ காயெ பியென்’ என்று ஸ்பானியத்தில் அடிக்கடி வரும். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘எனக்கு நன்றாக விழுகிறார்’. அவரை எனக்குப் பிடிக்கும், அவரோடு ஒத்துப்போகிறது என்று அர்த்தம். இதில் காதல் வாடை இல்லை. அந்த வாடை வரக்கூடியது, ‘எனக்குப் பிடிக்கிறது’ என்று பொருள்படும் ‘மெ குஸ்தா’வில்தான். அலுவலகத்துக்குப் புதிதாக வந்த பெண்ணைப் பற்றி ஒருவன் ‘மெ காயெ பியென்’ என்கிறான். தமிழில் ‘எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது’ என்று போட்டால் பெண் பார்க்க வந்த வீட்டுக் கூடத்தில் சொல்லும் வாக்கியம் ஆகிவிடும். ‘நல்ல பெண்ணாகத் தெரிகிறாள்’, ‘அவளோடு பேச நன்றாக இருக்கிறது’ என்று போகலாம். ஒரு பிரதியில் இந்த ஒரு வரியால் கதாநாயகன் மனைவிக்குத் துரோகம் செய்பவனாக மாறிப்போனான்.

பிரெஞ்சும் ஜெர்மனும் தெரியும் என்ற தைரியம்

பிரெஞ்சின் ‘சம்பா’ ஸ்பானிய ‘சிம்பாத்திகோ’வுக்கு நன்றாகவே பக்கத்தில் வரும். ஜெர்மனின் ‘சிம்பாத்திஷ்’ வேறு. அது என் மனசு அவரை ஏற்றுக்கொண்டது என்பதைச் சொல்லும் சொல். ஒதுங்கி நிற்கிற, குறைவாகப் பேசுகிற ஆளுக்கும் தாராளமாகப் பொருந்தும். ஸ்பானியச் சொல்லில் அந்த ஆள் ஏதாவது செய்ய வேண்டும்: சிரிக்க வேண்டும், பேச்சுக் கொடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் இதே வேரிலிருந்து வந்த சொல் அனுதாபத்துக்குப் போய்விட்டது. ‘அனுதாபமுள்ள டாக்ஸி ஓட்டுநர்’ என்று எழுதிவிடாதீர்கள்.

செர், எஸ்தார்

‘இருக்கிறார்’ என்பதற்கு ஸ்பானியத்தில் இரண்டு வினைகள் என்று முதல் மாதத்திலேயே படித்திருப்பீர்கள். மொழிபெயர்க்கும்போது அது மறந்துபோகிறது. செர் சேர்ந்தால் சிம்பாத்திகோ என்பது சுபாவம். எஸ்தார் சேர்ந்தால், அன்றைக்கு, அந்தச் சந்திப்பில் அப்படி நடந்துகொண்டார். ‘இன்றைக்கு மேலாளர் சிம்பாத்திகோவாக இருந்தார்’ என்றால் மற்ற நாள் எப்படி என்பதும் அதிலேயே இருக்கிறது. தமிழில் ‘இன்றைக்கு என்னமோ நன்றாகப் பேசினார்’ என்றால் சரியாக வரும். ‘மேலாளர் இனிமையானவர்’ என்று எழுதினால் பொய்.

காச்சோந்தோ

ஸ்பெயினில் செர் சேர்ந்தால் வேடிக்கையான ஆள். எஸ்தார் சேர்ந்தால் காம இச்சையில் இருப்பவர். வினையைப் பார்க்காமல் மேலே போகாதீர்கள்.

எக்ஸ்த்ரோவெர்தீதோ

உளவியல் கட்டுரை என்றால் ‘புறமுக ஆளுமை’. மற்ற எல்லா இடத்திலும் கலகலப்பானவர்.

உப்பை அப்படியே தூக்கி வருவது

தெற்கு ஸ்பெயினில், ஆண்டலூசியாவில், துறுதுறுவென்று பேசும் குழந்தையை ‘சலாவோ’ என்று கொஞ்சுவார்கள். ‘சலாதோ’ என்ற சொல்லின் பேச்சு வடிவம், பொருள் உப்பு போட்டது. தமிழில் உப்பு என்றதும் நன்றியும் விசுவாசமும்தான் முன்னே வரும், ஆகையால் ‘உப்புள்ள குழந்தை’ ஒன்றுக்கும் ஆகாது. ‘துறுதுறுப்பான’, ‘சுட்டியான’ போதும். அதற்கு மாறாக, எதிர்ச்சொல் நமக்குத் தானாகவே கிடைத்துவிடுகிறது. உப்பில்லாத சமையலுக்கும், சுவாரசியமில்லாத ஆளுக்கும் ஸ்பானியர்கள் சொல்வது ‘சோசோ’. நம்மிடம் ‘உப்புச் சப்பில்லாத ஆள்’ இருக்கிறது. இந்தப் பொருத்தம் கிடைக்கும்போது தயங்காமல் பயன்படுத்துங்கள்; ‘சலிப்பூட்டும் நபர்’ என்று யாரோ எழுதியதைப் பார்த்து எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது.

அப்புறம், மெக்சிகோவிலோ கொலம்பியாவிலோ பெருவிலோ நடக்கும் கதையில் ஒருவன் தன்னைச் ‘சலாதோ’ என்று சொன்னால் அவன் துரதிர்ஷ்டசாலி. ஸ்பெயினின் அர்த்தத்தை அங்கே கொண்டுபோனால், நொந்துபோய்ப் பேசுகிறவன் தற்பெருமை அடிக்கிறவனாகிவிடுவான்.

எந்த நாடு என்று பார்க்காதது

‘மாஹோ’ வந்தால் பேசுபவர் ஸ்பெயின்காரர் என்று ஏறக்குறைய முடிவு கட்டலாம். மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் அந்த இடத்தில் ‘புவேனா ஓந்தா’ நிற்கும். நேர்ப்பொருள் நல்ல அலை. அதில் இளமையும் தளர்வும் உண்டு, ‘செம டைப்’ என்று பேச்சில் நாம் சொல்வதற்குப் பக்கத்தில் வரும். எண்பது வயது நோட்டரியின் வாயில் அதை வைத்தால் ஒட்டாது.

பெண்ணின் அழகைப் பற்றிக் கேட்டதற்கு ஸ்பெயினில் ஒருவர் ‘சிம்பாத்திகா’ என்று பதில் சொன்னால் கேள்வியை நாசூக்காகத் தவிர்க்கிறார். ‘பெண் எப்படி?’ என்றால் ‘நல்ல குணம்’ என்று நம்மூரில் சொல்வதும் அதேதான், அந்த வரியையே வைக்கலாம். ஆனால் பெருவில் அதே சொல்லை லட்சணமானவள் என்ற பொருளிலும் சொல்வதுண்டு. ஒரே வாக்கியம், இரண்டு நாட்டில் நேர் எதிரான பதில்.

ஆச்சரியக்குறியை நம்புவது

‘கே சிம்பாத்திகோ!’ என்று ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னால் அது பாராட்டு இல்லை. ‘என்ன வேடிக்கை!’ என்று பொருள்படும் ‘கே கிராசியோசோ!’வும் அப்படியே. முன்வரியைப் படியுங்கள்.

‘சிம்பாத்தீயா’வைத் தமிழெழுத்தில் அப்படியே விடுவது

சிம்பாத்திகோவின் பெயர்ச்சொல்லான இது வரும்போது சிலர் கைவிட்டுவிடுகிறார்கள். 1984-இல் ஹாரி டிரையாண்டிஸ், ஹெரார்தோ மரீன் முதலிய உளவியலாளர்கள் லத்தீன் அமெரிக்கப் பின்னணி உள்ளவர்களின் சமூக நடத்தை பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரையில் அந்தச் சொல்லை ஸ்பானியத்திலேயே விட்டார்கள். சந்திப்புகள் சுமுகமாக இருக்க வேண்டும், மோதலைத் தவிர்க்க வேண்டும், நல்லதை முன்னே வைக்க வேண்டும் என்கிற எதிர்பார்ப்பு முழுவதையும் அந்த ஒரு சொல்லால் குறித்தார்கள். ஆய்வில் அது நியாயம்; அங்கே வரையறை கூடவே வருகிறது. நாவலில் வரையறை கிடையாது. ‘அவளிடம் சிம்பாத்தீயா இருந்தது’ என்று படிக்கும் தமிழ் வாசகருக்கு ஏதோ வியாதியின் பெயர் மாதிரி இருக்கும். ‘யாரையும் முகம் கோணவிடாத சுபாவம் அவளுக்கு’ என்று நீட்டி எழுதுங்கள். ஒரு சொல்லுக்கு ஐந்து சொல் ஆனால் என்ன?

பழைய மாஹோ

பதினெட்டாம் நூற்றாண்டு மாட்ரிட்டைப் பற்றிய எழுத்தில் மாஹோவும் மாஹாவும் பெயர்ச்சொற்கள். பளபளப்பாக உடுத்திக்கொண்டு மிடுக்காகத் திரிந்த அடித்தட்டு நகர மக்களைக் குறிப்பவை. மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கும், ஸ்பானிய ஓவியர் கோயாவின் இரண்டு மாஹா ஓவியங்களின் பெயர் அங்கிருந்து வந்ததுதான். அங்கே ‘நல்ல மாதிரிப் பெண்’ என்று எழுத வேண்டாம். ‘மாஹா’ என்றே வைத்து, முதல் முறை வரும்போது ஒரு வரி விளக்கம் சேர்த்துவிடுங்கள்.